வி-டி-ஜே மறுசேர்க்கை மாடல் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

டி-செல் அல்லது பி-செல் ஏற்பிகளின் வரிசைகளைக் கொடுத்து மறுசேர்க்கை மாடல் ஒன்றை ஓட்டியிருக்கிறீர்கள், எண்களும் வந்துவிட்டன, ஆனால் எங்கோ இடிக்கிறது. அந்த நேரத்துக்காகத்தான் இது. உங்களுக்குத் தெரிகிற அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் தாண்டாதீர்கள், மற்ற எல்லாமே அவற்றின் மேல்தான் நிற்கிறது.

டி-செல்லும் பி-செல்லும் தங்கள் ஏற்பியின் மரபணுவை வி, டி, ஜே என்ற டிஎன்ஏ துண்டுகளை ஒட்டி உருவாக்கிக்கொள்வதுதான் வி-டி-ஜே மறுசேர்க்கை. நடப்பது இதுதான். ஆர்ஏஜி புரதங்கள் வி, ஜே துண்டுகளின் ஓரத்தில் (டி-செல் ஏற்பியின் பீட்டா சங்கிலியிலும் பி-செல்லின் கனச் சங்கிலியிலும் இவற்றுக்கு நடுவே ஒரு டி துண்டும் உண்டு) வெட்டுகின்றன. வெட்டிய முனை கொண்டை ஊசி போல மடங்கி மூடிக்கொள்கிறது, ஆர்ட்டெமிஸ் என்ற நொதி அதைத் திறக்கிறது, முனையிலிருந்து சில தளங்கள் (ஏ, சி, ஜி, டி என்ற டிஎன்ஏ எழுத்துகள்) அரிக்கப்படுகின்றன, டிடிடி என்ற நொதி எந்த வார்ப்பும் இல்லாமல் புதுத் தளங்களைச் சேர்க்கிறது, பிறகு இரண்டு முனைகளும் ஒட்டப்படுகின்றன. எந்தத் துண்டு, எத்தனை நீக்கம், எத்தனை செருகல், செருகியவை எவை என்று ஒவ்வொரு படிக்கும் மாடல் ஒரு நிகழ்தகவு வைத்திருக்கிறது. அவற்றைப் பெருக்கினால் ஒரு பாதையின் நிகழ்தகவு கிடைக்கும். ஒரே வரிசையைப் பல பாதைகள் உருவாக்க முடியும் என்பதால், அத்தனை பாதைகளையும் கூட்டினால்தான் அந்த வரிசை பிறக்கும் நிகழ்தகவு வரும். ஒரு வரிசையைப் பார்த்து, அது வந்த பாதை இதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் மாடலையே வைத்துச் செயற்கை வரிசைகளை உருவாக்குங்கள், உண்மையான தரவின் அதே வாசிப்பு நீளத்துக்கு வெட்டுங்கள், அதே பிழை விகிதத்தைக் கலந்துவிடுங்கள், பின் அதே பகுப்பாய்வுப் படிகளில் முதலிலிருந்து செலுத்துங்கள். போட்ட அளவுருக்கள் திரும்பி வந்தால் கோளாறு தரவில் இருக்கிறது, வராவிட்டால் உங்கள் முறையில். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் உயிரியல் விளக்கம் தேடப் போவது நேரத்தைக் கரைக்கும்.

நீக்கமும் குறைவு, செருகலும் குறைவு

இரண்டும் ஒன்றாகக் குறைந்து வந்தால், நீங்கள் ஒவ்வொரு வரிசைக்கும் மிகச் சிறந்த பொருத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுகிறீர்கள் என்பதற்குக் கிட்டத்தட்ட உறுதியான அடையாளம் அது.

கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு வி துண்டின் கடைசி நான்கு தளங்கள் அரிக்கப்பட்டுவிட்டன, அந்த இடத்தில் டிடிடி புதிதாக ஐந்து தளங்களைச் சேர்த்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேர்த்த முதல் தளம், அரிக்கப்பட்ட முதல் தளத்தோடு தற்செயலாக ஒத்துப்போக நாலில் ஒரு வாய்ப்பு. அப்படி ஒத்துவிட்டால் பொருத்தும் நிரல் அதை மூல வரிசையின் (அரிக்கப்படாத வி துண்டின்) தொடர்ச்சி என்றே எடுத்துக்கொள்ளும்: நீக்கம் 3, செருகல் 4. அடுத்த தளமும் ஒத்தால் இன்னும் ஒன்று போகும். 1/4, 1/16, 1/64 என்று கூட்டிக்கொண்டே போனால் சராசரியாக ஒரு விளிம்புக்கு 1/3 தளம் இடம் மாறுகிறது. டி துண்டு இல்லாத ஆல்பா சங்கிலியில் விளிம்பு இரண்டு, பீட்டாவில் டி துண்டின் இரு பக்கத்தையும் சேர்த்து நான்கு. ஆக பீட்டாவில் ஒரு வரிசைக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட செருகல் தளங்கள் கணக்கிலிருந்து காணாமல் போகின்றன. இதுவும் நான்கு தளங்களும் சம வாய்ப்போடு வருகின்றன என்று வைத்துப் போட்ட கணக்குதான். டிடிடி ஜி, சி பக்கம் சாய்வது, பீட்டாவின் டி துண்டுகளோ ஜி நிறைந்தவை. அதனால் அந்த விளிம்பில் பிசகு இன்னும் கூடும்.

தீர்வு, எல்லாப் பாதைகளையும் அவற்றின் நிகழ்தகவு எடையோடு கூட்டுவது. ஈஎம் (எக்ஸ்பெக்டேஷன்-மேக்ஸிமைசேஷன்) அல்காரிதம் செய்வது அதைத்தான்: இப்போதைய அளவுருவை வைத்து ஒவ்வொரு பாதைக்கும் எடை போடுகிறது, அந்த எடைகளிலிருந்து புது அளவுரு எடுக்கிறது, மறுபடியும் எடை போடுகிறது. 2012-இல் முருகன், மோரா, வால்சாக், கேலன் ஆகியோர் மனித பீட்டா சங்கிலிக்கு இப்படித்தான் மாடல் கட்டினார்கள், 2018-இல் வந்த ஐகோர் மென்பொருளும் அந்த வழிதான். ஏற்கெனவே ஐகோரைப் பயன்படுத்தியும் இந்த அறிகுறி தெரிந்தால், பொருத்தும் கட்டத்தில் வெட்டு வரம்பை மிக இறுக்கமாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கேயே மாற்றுப் பாதைகள் உதிர்ந்துவிட்டால் பின்னால் கூட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

டி துண்டின் நிகழ்தகவு ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு மாதிரி வருகிறது

மனித பீட்டா சங்கிலியில் இரண்டே இரண்டு டி துண்டுகள். முதலாவது 12 தளம்: ஜி-ஜி-ஜி-ஏ-சி-ஏ, பின் ஐந்து ஜி, கடைசியில் ஒரு சி. இரண்டாவது 16 தளம்: ஜி-ஜி-ஜி-ஏ-சி-டி-ஏ-ஜி-சி (இங்கே டி என்பது தைமின் தளம், டி துண்டு அல்ல), பின் ஏழு ஜி. தொடக்கத்தில் ஐந்து தளம் ஒன்றே, பின்பகுதியில் இரண்டிலும் நீண்ட ஜி வரிசை. இரண்டு பக்கமும் அரிக்கப்பட்டு நடுவில் நாலு ஜி மட்டும் மிஞ்சியிருக்கிற வரிசையைக் கொடுத்து இது எந்தத் துண்டு என்று கேட்டால் எந்த மாடலாலும் பதில் சொல்ல முடியாது. அது டிடிடி சேர்த்த நாலு ஜி-யாகவும் இருக்கலாம், அப்போது டி துண்டு முழுக்க அரிந்துபோயிருக்கும்.

எனவே தனித்தனி வரிசைக்கு டி ஒதுக்கீட்டைக் கேட்காதீர்கள், மொத்தப் பரவலை மட்டும் கேளுங்கள். பரவலே ஆட்டம் காண்கிறது என்றால் இருக்கிற நல்ல பிடி ஜே துண்டுகள். குரோமோசோமில் இரண்டாவது டி துண்டு, முதல் ஜே கொத்துக்குப் பின்னால் இருக்கிறது. வழக்கமான வெட்டி நீக்கும் முறையில் அது முன்னால் இருக்கும் ஜே1 கொத்தோடு சேர வழியில்லை. ஆகவே டி, ஜே இரண்டுக்கும் தனித்தனி நிகழ்தகவு வைத்துப் பெருக்குவது தவறு, இணைந்த பரவல் வேண்டும். எந்தக் கட்டுப்பாடும் விதிக்காமல் ஓடவிட்டு, ஜே1 வரிசைகளில் இரண்டாவது டி-க்கு எவ்வளவு எடை விழுகிறது என்று பாருங்கள். நன்றாக இயங்கும் மாடல் அதைத் தானாகவே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும். அங்கே கணிசமான எடை தெரிந்தால் உங்கள் டி ஒதுக்கீட்டில் எவ்வளவு குழப்பம் இருக்கிறது என்பதற்கு அதுவே அளவுகோல். தனியாக வேறு சோதனை தேவைப்படாது, தரவுக்குள்ளேயே இயற்கை வைத்துக் கொடுத்த கட்டுப்பாடு இது, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயமும் இதுதான்.

இன்னொன்று: இரண்டாவது டி துண்டுக்கு ஒரு மாற்று அல்லீல் (ஆளுக்கு ஆள் மாறும் மரபணு வடிவம்) உண்டு, அந்த ஏழு ஜி-யில் நடுவில் இருப்பது ஏ ஆக மாறியிருக்கும். மறுசேர்க்கைக்கு முந்தைய துண்டுகளின் வரிசைகளைப் பட்டியலிடும் உங்கள் மூலக் கோப்பில் அது இல்லாவிட்டால், அந்த அல்லீல் உள்ளவரின் தரவில் டி-யின் வலப்பக்க நீக்கம் செயற்கையாக எகிறும்.

சட்டகம் தப்பிய வரிசைகள் சந்தேகமாக இருக்கின்றன

மாடலைச் சட்டகம் தப்பிய (மூன்று மூன்று தளமாகப் படிக்கும் ஒழுங்கு பிசகிய) வரிசைகளில் பயிற்றுவிக்கக் காரணம், அவற்றிலிருந்து புரதம் உருவாகாததால் தேர்வு (எந்த ஏற்பி நிலைக்கலாம் என்று உடல் வடிகட்டுவது) அவற்றைத் தொட்டிருக்காது, மறுசேர்க்கை போட்டபடியே இருக்கும் என்பதுதான். அந்தக் குவியலில் வேறு சரக்கு கலந்துவிட்டால் இந்த நம்பிக்கையே போய்விடுகிறது.

முதலில் பங்கைப் பாருங்கள். முதல் முயற்சி சட்டகத்தில் விழ 1/3 வாய்ப்பு, விழாவிட்டால் மறு குரோமோசோமில் இன்னொரு முயற்சி என்று எளிமையாக வைத்தால், பிழைக்கும் செல்களில் 60 சதவீதத்தில் ஒரே ஒரு மறுசேர்க்கையும் 40 சதவீதத்தில் கெட்டது ஒன்று நல்லது ஒன்று என இரண்டும் இருக்கும். மொத்த வரிசைகளில் கெட்டவற்றின் பங்கு 2/7. செல் டிஎன்ஏ-விலிருந்து எடுத்த பீட்டா தரவில் இதைவிடக் குறைவாக வருவது சாதாரணம், மிக அதிகமாக வந்தால் அது பிழைகளின் வேலை. ஆர்என்ஏ-விலிருந்து எடுத்தது என்றால் கெட்ட படிகளை செல்லே அழித்துவிடுவதால் பங்கு மிகவும் சரிந்திருக்கும், அப்போது மிஞ்சியிருப்பதில் வரிசைப்படுத்தல் பிழையின் விகிதாசாரம் தானாகவே ஏறிவிடும். ஆல்பா சங்கிலிக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள், அங்கே இரண்டு குரோமோசோமிலும் மறுசேர்க்கை தொடர்ந்து நடக்கிறது.

கலப்படத்தைக் கண்டுபிடிப்பது எளிது. சட்டகம் தப்பிய ஒவ்வொரு வரிசைக்கும், ஒரே ஒரு தளம் கூடியோ குறைந்தோ இருக்கிற, வாசிப்பு எண்ணிக்கை பல மடங்கு அதிகமான நல்ல வரிசை ஒன்று அதே சாம்பிளில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நம் வரிசை அதன் பிழைப் பிரதி, எடுத்துவிடுங்கள். ஒரே தளம் அடுத்தடுத்து வரும் இடங்களில் எண்ணிக்கை தவறும் கருவிகளில் (அயன் டோரண்ட், பழைய 454) இது கடுமையாக இருக்கும், ஏனென்றால் மேலே சொன்ன டி துண்டின் ஐந்து ஜி, ஏழு ஜி வரிசைகள் சரியாக அந்தப் பலவீனத்தில் போய் விழுகின்றன.

சட்டகத்தில் இருந்தும் நடுவில் நிறுத்தக் குறி வந்துவிட்ட வரிசைகளையும் இதில் சேர்க்கலாமே என்று தோன்றும். சேர்க்காதீர்கள். நிறுத்தக் குறி வந்தவற்றை மட்டும் பொறுக்குவது, நீளமான செருகல் உள்ளவற்றைப் பொறுக்குவதற்குச் சமம்.

அப்புறம், எடை. வாசிப்பு எண்ணிக்கையால் பெருக்கக் கூடாது, ஒரு தனித்த வரிசைக்கு ஒரே ஓட்டு. ஒரு குளோன் (ஒரே செல்லிலிருந்து வந்த கூட்டம்) ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தாலும் அதன் மறுசேர்க்கை நடந்தது ஒரே தடவைதான்.

ஒரே ஒரு வி துண்டு மட்டும் விநோதமாக நடந்துகொள்கிறது

மற்ற எல்லா வி-யிலும் நீக்கப் பரவல் ஒழுங்காக ஒரு மேடு மாதிரி இருக்க, ஒன்றில் மட்டும் ஐந்தாவது தளத்தில் செங்குத்தாக ஒரு சுவர் எழும்பி நிற்கிறதா? மூலக் கோப்பில் இல்லாத அல்லீல் என்று முதலில் சந்தேகப்படுங்கள். வி-யின் வால் பகுதியில் ஒரு தளம் மாறியிருந்தால் பொருத்தம் அதோடு நின்றுவிடும், அதற்கு மேல் உள்ளதை எல்லாம் மாடல் நீக்கம் என்றும் செருகல் என்றும் எழுதிக்கொள்ளும். அந்த வி-யின் வரிசைகளை மட்டும் எடுத்து இடம் இடமாகப் பொருந்தாமையை எண்ணுங்கள். ஒரே இடத்தில் பாதிக்குப் பாதியோ முழுமையாகவோ பொருந்தவில்லை என்றால் அது அல்லீல், பிழை இப்படி ஒரே இடத்தில் குவியாது. அந்த அல்லீலைக் கோப்பில் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

இரண்டு வி-க்கு நடுவே நிகழ்தகவு அலைபாய்ந்தால் கதை வேறு. டிஆர்பிவி (பீட்டாவின் வி துண்டுகளின் பெயர்) 6-2, 6-3 இரண்டையும் வரிசையை வைத்துப் பிரிக்கவே முடியாது, 12-3, 12-4 இரண்டும் குறுகிய வாசிப்பில் பிரியாது. தொடக்க மதிப்பு எதுவோ அதன்படி ஈஎம் பங்கு பிரித்துவிடும். சேர்த்து ஒரே துண்டாக வைத்துக்கொள்வதே நேர்மையான வழி. டிஆர்பிவி 4-3 சிலரிடம் அறவே இல்லாமலும் இருக்கும், குரோமோசோமின் அந்தப் பகுதியே சில மனிதரில் நீங்கியிருக்கிறது, அதைப் பிழை என்று துரத்தாதீர்கள்.

வி பயன்பாடு மட்டும் இரண்டு தரவுத் தொகுப்புகளில் ஒத்துவராமல், நீக்கமும் செருகலும் அழகாக ஒத்துவந்தால், வரிசைகளைப் பிரதியெடுக்கத் தொடக்கமாக ஒட்டவைக்கும் குறுந்துண்டுகளான பிரைமர்கள்தான் காரணம். ஒரு நெறிமுறையில் கற்ற வி நிகழ்தகவை இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள், மற்ற அளவுருக்களை நம்பி அப்படியே வைத்துக்கொண்டு வி-யை மட்டும் மறுபடி கற்பியுங்கள்.

வி-டி செருகலும் டி-ஜே செருகலும் வேறு வேறு நொதி செய்தது போலத் தெரிகிறது

திசையைப் பாருங்கள். டிடிடி எப்போதும் 3' முனையில்தான் சேர்க்கும். வி-டி சந்திப்பை இடமிருந்து வலமாகவும், டி-ஜே சந்திப்பை எதிர் இழையில், அதாவது வலமிருந்து இடமாக நிரப்புத் தளங்களாகவும் படித்தால் இரண்டின் மார்கோவ் அணிகளும் (ஒரு தளத்துக்குப் பின் எது வரும் என்ற நிகழ்தகவு அட்டவணைகளும்) நெருங்கி வரும். ஒரே திசையில் படித்தால் ஒன்றில் ஜி-யும் மற்றதில் சி-யும் தூக்கலாகத் தெரியும்.

நீக்கம் பூஜ்யமாக இருக்கிற வரிசைகளில் மட்டும் முதல் செருகல் தளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அவை பி தளங்கள். கொண்டை ஊசி நடுவில் திறக்காமல் சற்றுத் தள்ளித் திறந்தால் முனையின் எதிரொலித் தளங்கள் ஒன்றிரண்டு மிஞ்சும். இவற்றை எதிர்ம நீக்கமாக வைப்பதே வழக்கம்: நீக்கம் -1, -2 என்று. உங்கள் நீக்கப் பரவல் பூஜ்யத்தில் தொடங்கினால் அதை நீட்டுங்கள்.

ஆல்பா சங்கிலியில் வி-ஜே தொடர்பு போகவே மாட்டேன் என்கிறது

போகாது, போகவும் கூடாது. ஆல்பா பகுதியில் அருகிலுள்ள வி-யும் ஜே-யும் முதலில் சேர்கின்றன, அது தோற்றால் இன்னும் வெளியே உள்ள வி, இன்னும் தள்ளியுள்ள ஜே என்று மறுபடி மறுபடி நடக்கிறது. வி-ஜே இணைந்த பரவல் வையுங்கள், வேறு வழி இல்லை. தரவு போதாமல் கட்டங்கள் காலியாக நின்றால், பல நபர்களின் சட்டகம் தப்பிய வரிசைகளைச் சேர்த்துப் பயிற்றுவிக்கலாம்.

நிகழ்தகவு பூஜ்யம் என்று வருகிறது

2019-இல் வெளிவந்த ஓல்கா போன்ற கருவியில் ஆயிரக்கணக்கான வரிசைகளைக் கொடுத்து, கணிசமான பங்கு பூஜ்யமாகத் திரும்புவது அன்றாடம் நடப்பது. பெரும்பாலும் உயிரியலோடு சம்பந்தமில்லை. துண்டுகள் சேரும் இடத்தை அடக்கிய பகுதியான சிடிஆர்3 என்ற பெயரில் இரண்டு விதமான நீளம் புழக்கத்தில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட சிஸ்டீனும் (இடம் 104) பினைல்அலனின் அல்லது டிரிப்டோபானும் (இடம் 118) உள்ளிட்டது ஒன்று, அவை இரண்டையும் விட்டது இன்னொன்று. கருவி முதல் வகையைக் கேட்கிறது, நீங்கள் இரண்டாவதைக் கொடுத்திருப்பீர்கள். துண்டுகளின் பெயரும் இப்படித்தான்: டிசிஆர்பிவி05-01 என்று எழுதியதை டிஆர்பிவி5-1 என்று மாற்றாவிட்டால் கருவிக்கு அது யாரென்றே தெரியாது.

இதையெல்லாம் சரி செய்தும் பூஜ்யம் வந்தால் மாடலின் உச்ச வரம்புகளைப் பாருங்கள், செருகல் 30-க்கு மேல் இல்லை என்று மாடல் நின்றால் 32 செருகல் உள்ளது பிறக்கவே முடியாதது ஆகிவிடும். வரிசைப்படுத்தல் பிழையும் காரணமாகலாம், ஓல்கா பிழைக்கு இடம் வைப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. பினைல்அலனினில் முடியாததை எல்லாம் முன்கூட்டியே வடிகட்டுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. ஆல்பாவின் 33-ஆம் ஜே துண்டு டிரிப்டோபானில் முடிகிறது. மெய்ட் (எம்ஏஐடி) என்ற டி-செல் வகையின் ஆல்பா சங்கிலி டிஆர்ஏவி 1-2-ஐப் பெரும்பாலும் இந்த ஜே-யோடுதான் சேர்க்கிறது. ஒரு வரி வடிகட்டலில் ஒரு செல் வகையின் பெரும்பகுதி உங்கள் தரவிலிருந்து சத்தமில்லாமல் போய்விடும்.

இரண்டு நபருக்குப் பொதுவான வரிசைகள் கணிப்புக்கு ஒத்துவரவில்லை

பல மடங்கு பிசகினால் முதலில் கூட்டல் கணக்கைப் பாருங்கள். எல்லா நல்ல வரிசைகளின் பிறப்பு நிகழ்தகவையும் கூட்டினால் 1 வராது, சட்டகத்தாலும் நிறுத்தக் குறியாலும் 1/3-ஐவிடக் குறைவாகவே வரும். அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்காமல் விட்டால், பொதுவானவற்றின் எண்ணிக்கை நிகழ்தகவின் வர்க்கத்தைச் சார்ந்தது என்பதால், சட்டகத்தினால் மட்டுமே 9 மடங்கு குறைவாகக் கணிப்பீர்கள். அமினோ அமில அளவில் எண்ணிவிட்டு நியூக்ளியோடைடு நிகழ்தகவோடு ஒப்பிடுவதும் இதே வகைப் பிழை.

வகுத்த பிறகும் சற்றுக் கூடுதலாகப் பொதுவானவை இருந்தால் தேர்வின் தாக்கம், டி-செல்கள் முதிரும் உறுப்பான தைமஸில் நிலைக்கும் வரிசைகளும் எளிதில் பிறக்கும் வரிசைகளும் ஓரளவு ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. மிஞ்சி நிற்பவை எல்லாமே செருகல் பூஜ்யமானவை என்றால், கரு வளரும் ஆரம்பக் காலத்தில் டிடிடி இயங்காதபோது பிறந்த குளோன்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று நினைக்கலாம். ஒற்றைப் பரவல் அதைப் பிடிக்காது, இரண்டின் கலவை வேண்டும். மிஞ்சி நிற்பவை பிறப்பு நிகழ்தகவு மிகக் குறைந்தவையாகவும் நியூக்ளியோடைடு வரை ஒன்றாகவும் இருந்தால் உயிரியலைத் தேடாதீர்கள், இரண்டு சாம்பிள்களும் ஒரே ஓட்டத்தில் வரிசைப்படுத்தப்பட்டனவா என்று கேளுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குச் சிந்தியிருக்கும்.

பி-செல் தரவில் பிழை விகிதம் ஏறிக்கொண்டே போகிறது

உடல்செல் மிகைப்பிறழ்வு, அதாவது பி-செல் தன் ஏற்பி மரபணுவில் பிறகு சேர்த்துக்கொள்ளும் மாற்றங்கள். மாடல் அதைக் கருவியின் பிழை என்று எண்ணிக்கொள்கிறது. நைவ் (இன்னும் கிருமியை எதிர்கொள்ளாத) செல்களைப் பிரித்தெடுத்துப் பயிற்றுவிப்பதே உத்தமம், முடியாவிட்டால் ஒரு குளோன் குடும்பத்துக்கு ஒரு வரிசை மட்டும் வையுங்கள். எல்லா இடத்துக்கும் ஒரே விகிதம் வைத்தால், பிறழ்வு சில சூடான இடங்களில் குவிவதால், சிடிஆர்3-க்குள் விழுந்த பிறழ்வை மாடல் செருகலாக எழுதிவிடும்.

லாக்-லைக்லிஹுட் இறங்குகிறது

மாடல் தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவுதான் லாக்-லைக்லிஹுட். ஈஎம்-இல் அது இறங்கவே கூடாது. இறங்கினால் நிரலில் பிழை, அல்லது நேரம் மிச்சம் பிடிக்க எடை குறைந்த பாதைகளை ஒவ்வொரு சுற்றிலும் வெட்டுகிறீர்கள். வெட்டு வரம்பைத் தளர்த்தி ஓட்டுங்கள், இறக்கம் மறைந்தால் அதுதான். நிற்கவே நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தால், வரிசைகள் சில நூறோ ஓரிரு ஆயிரமோதான் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏறத்தாழ 50 வி, ஒவ்வொன்றுக்கும் இருபது நீக்க மதிப்பு என்றாலே ஆயிரம் அளவுரு ஆகிவிட்டது. அரிதான வி-களின் நீக்கப் பரவலை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

எல்லாம் அமைதியாக முடிந்தபின் என்ட்ரோபியை, அதாவது வரிசைகள் எவ்வளவு பலவிதமானவை என்ற அளவை, கணக்கிடுங்கள். மனித பீட்டா சங்கிலிக்கு வரிசை அளவில் ஏறத்தாழ 47 பிட் வர வேண்டும், வகை எண்ணிக்கையாகச் சொன்னால் 10-இன் 14-ஆம் அடுக்கு. ஓரிரண்டு பிட் தள்ளி வந்தால் கவலை இல்லை. 35 என்று வந்தால் செருகல் எங்கோ தொலைந்திருக்கிறது, முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள். 50-ஐத் தாண்டி வந்தால் வரிசையின் என்ட்ரோபிக்குப் பதிலாகப் பாதைகளின் என்ட்ரோபியைக் கணக்கிட்டிருக்கிறீர்களா என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் பயிற்சிக் குவியலில் கலப்படம் தேடுங்கள்.